தாழ்ப்பாள் வெளிப்பக்கம்

அத்தியாயம் 7

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த நொடியே வெளிப்பக்கம் இரும்புக் கொக்கி விழும் சத்தம் கேட்டது.

"காத்தா இருக்கும்க்கா," என்றேன்.

"இவ்வளவு கனமான கதவைக் காத்து மூடாது, சுகுமார்," என்றார் கனகவல்லி அக்கா.

"அப்போ பேய்."

"பேய்க்குக் கொக்கி போடத் தெரியுமா?"

"திருமுடிவாக்கம் எஸ்டேட்ல வேலை பாத்த பேயா இருந்தா தெரியும்."

அக்கா சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவர் சிரித்ததே இல்லை என்றாலும், வழக்கமாக மூக்கால் ஒரு சத்தமாவது வரும். இப்போது அதுவும் வரவில்லை.

நாங்கள் நின்றது அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்பிரே டிரையருக்குள், அதாவது கரைத்த மாவைச் சூடான காற்றில் காயவைக்கும் மெஷினுக்குள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் எவர்சில்வர் தொட்டி, அவ்வளவுதான். மேலே உருளை, கீழே புனல் மாதிரி கூம்பு. நின்றால் கால் வழுக்கிக்கொண்டு நடுவுக்குப் போகும். சுவரெல்லாம் வெள்ளையும் மஞ்சளும் கலந்த பவுடர். அதில் பாதி ஈயம். முகத்தில் கட்டியிருந்த மாஸ்க் எனக்கு அன்றைக்குத்தான் தெய்வமாகத் தெரிந்தது.

அக்கா தன் பேனா டார்ச்சைக் கதவின் மேல் அடித்தார். இடுப்பு உயரத்தில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சின்னக் கதவு. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. செய்தவன், உள்ளே யாரும் குடித்தனம் நடத்தப் போவதில்லை என்று நினைத்திருப்பான். போன் இரண்டும் கேட்டில் செக்யூரிட்டியிடம். பார்முலா வெளியே போகக் கூடாதாம், அதனால் வெளியாள் போன் உள்ளே வரக் கூடாதாம்.

"அக்கா, ஒரு டவுட்டு. ஜெரோம் செத்தது இதே எடத்துலதானே?"

"நீ நிக்கற இடத்துலயேதான்."

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். வழுக்கி மறுபடி அங்கேயே வந்தேன்.

கதை இதுதான். ஜெரோம் இந்த டிரையரின் ஆபரேட்டர். காலை வேலை முடிந்ததும் உள்ளே இறங்கி, சுவரில் ஒட்டிய பவுடரை இரும்புக் கரண்டியால் சுரண்டுவான். அவனோடு வேலை பார்த்த மெர்வின் வெளியே நின்று ரப்பர் சுத்தியால் தொட்டியைத் தட்டுவான், பவுடர் உதிரும். போன வாரம் ஒரு நாள், ஜெரோம் உள்ளே இருக்கும்போதே கதவு வெளிப்பக்கம் பூட்டப்பட்டது. சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் வழக்கம்போல பேனல் ரூமில் ஹேமாவதி என்ற பெண் ஹீட்டரைப் போட்டாள். ஷெட்டே சாப்பிடும் நேரத்தில் தொட்டி சூடானால்தான் மதியம் வேலை தொடங்க முடியும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கொக்கி விழுந்திருந்தால் அவள் முன்னால் பச்சை விளக்கு எரியும், பச்சை எரிந்தால் ஸ்விட்ச். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தபோது ஜெரோம் இல்லை, உடம்புதான் இருந்தது.

நேற்று ராத்திரி மெர்வினைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி யாருக்கு என்று இரண்டு பேருக்கும் முந்தின நாள்தான் வாய்த்தகராறு. மெர்வின் என்ன சொன்னான் என்றால், "நான் தட்டி முடிச்சிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுட்டு, பின்பக்க கேட் வழியா டீ குடிக்கப் போயிட்டேன்." டீக்கடைக்காரருக்கு ஞாபகமில்லை. அந்த நேரத்தில் பாதி எஸ்டேட் அவர் கடை வாசலில்தான் நிற்கும். ஆனால் ஷெட்டில் இருந்த எல்லாரும் ஒரே மாதிரி சாட்சி சொன்னார்கள். சங்கு ஊதும் வரைக்கும், ஏன், கை கழுவும்போதுகூட, டிரையரில் மெர்வின் தட்டும் சத்தம் கேட்டதாம். அப்படியானால் அவன் டீக்கடையில் இல்லை. ஜெரோம் கத்துவது காதில் விழாமல் இருக்கத்தான் விடாமல் தட்டியிருக்கிறான் என்று முடித்துவிட்டார் இன்ஸ்பெக்டர் பக்தவச்சலம். இன்று சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்திவிடுவார்கள். கொலைக் கேஸில் ஒரு தடவை உள்ளே போனால் வெளியே வருவதற்குள் பையனுக்குத் தலை நரைத்துவிடும்.

விடிந்ததும் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் டிடெக்டிவ் ஆபீஸ் படியேறி வந்தாள் ரோஸி. மெர்வினின் அக்கா. அதே கம்பெனியில் பிரஸ் செக்‌ஷன் சூப்பர்வைசர். அப்பா அம்மா போனபிறகு தம்பியை வளர்த்தவள். "சத்தம் கேட்டுச்சுன்னு நானும்தான் சொன்னேன் மேடம். கேட்டத கேக்கலன்னு எப்பிடி சொல்றது? ஆனா என் தம்பி அப்பிடி செய்ய மாட்டான். ரெண்டும் எப்பிடி நெசமா இருக்க முடியும், நீங்கதான் கண்டுபுடிக்கணும்," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இங்கே வந்தோம்.

முதலாளி சுப்பராயலு எங்களுக்கு ஷெட்டைச் சுற்றிக் காட்டினார். உள்ளூர்க்காரர். "எங்கப்பா இதே எடத்துல நெல்லு காயப்போட்டாரு, நான் ஈயம் காயப்போடறேன்," என்று ஆரம்பித்தார். ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் மூன்றின் தூளையும் கலந்து வறுத்து, அரைத்து, தண்ணீரும் பசையும் விட்டு தோசை மாவு பதத்துக்குக் கரைக்கிறார்கள். அதை டிரையரின் மேலிருந்து சூடான காற்றில் பீச்சினால், கீழே வந்து சேர்வதற்குள் காய்ந்து குண்டு குண்டாக ரவையாகிவிடும். ரவையை பிரஸ்ஸில் அழுத்தினால் பில்லை. பில்லையைச் சூளையில் சுட்டு, வெள்ளி பூசி, கொதிக்கும் எண்ணெயில் வைத்து கரண்ட் கொடுத்தால் அதற்கு உயிர் வந்துவிடும். அப்புறம் தட்டினால் கரண்ட் கொடுக்கும். கேஸ் அடுப்பு லைட்டரில் பொறி வருவதும், ஸ்கேன் சென்டரில் குழந்தை தெரிவதும் இந்த மாதிரி பில்லைகளால்தானாம்.

"நேரா மாவையே அழுத்தினா இன்னா சார்? எதுக்கு ரவை?" என்று கேட்டேன்.

பதில் சொன்னது கூடவே வந்த ரோஸி. "மாவு அச்சுல அடைச்சுக்கும் சார். ரவைன்னா தண்ணி மாதிரி எறங்கும். ஆனா ஈரக்காத்து பட்டுச்சுன்னா ரவையும் ஒட்டிக்கும், பில்லை சூளைல வெடிச்சிரும்." பேசிக்கொண்டே, நான் எட்டிப் பார்த்த டிரம்மின் மூடியை முழங்கையால் சாத்தினாள். அடுத்து ஜன்னல். அடுத்து ஸ்டோர் ரூம் கதவு. அந்த ஷெட்டில் அவள் மூடாமல் விட்டது என் வாயை மட்டும்தான்.

சுப்பராயலுவுக்கு யாரோ போன் செய்ய, அவர் ஆபீசுக்குப் போனார். ரோஸி சூளைப் பக்கம் போனாள். அந்தச் சந்தடியில் அக்கா டிரையரின் கொக்கியைத் தூக்கி, என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லாம பார்த்தாதான் சரியா பார்க்க முடியும்," என்றார். நன்றாகப் பார்த்தோம்.

"மொதலாளிதான்க்கா," என்றேன் இருட்டில். "காலைலயே அந்தாளு மூஞ்சி சரியில்ல. நாம நோண்டறது புடிக்கல. ஜெரோம முடிச்ச மாதிரியே நம்மளையும் முடிக்கறான்."

"எதுக்கு?"

"அதெல்லாம் வெளில போய் கேட்டுக்கலாம்க்கா. சங்கு எப்போ ஊதும்?"

"நாம உள்ள வரும்போதே அவங்க டிபன் பாக்ஸெல்லாம் எடுத்து வெளிய வெச்சுட்டாங்க," என்றார் அக்கா. "அதிகம் டைம் இல்லை."

கத்தினேன். தொண்டை கிழிய, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் சேர்த்துக் கத்தினேன். தொட்டியைச் சுற்றிச் சூடு போகாமலிருக்கப் பஞ்சு சுற்றி தகடு அடித்திருந்தார்கள். என் குரல் எனக்கே திரும்பி வந்தது. வெளியே பிரஸ் மெஷின்கள் தம் தம்மென்று இடிப்பது மட்டும் லேசாகக் காலில் உறைத்தது.

"கீழே பாரு. கூம்புல ஒரு இடத்துல பஞ்சு இருக்காது. சுத்தியால தட்டறதுக்காக விட்ட இடம். வெளியில நான் பார்த்தேன்," என்றார் அக்கா.

பெல்ட்டைக் கழற்றி, பக்கிளைக் கையில் சுருட்டிக்கொண்டு முழங்கால் உயரத்தில் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் சத்தம் மாறியது. கணீரென்று வெளியே போகும் சத்தம். விட்டேனா பார். என் பலம் முழுக்க அந்த ஒரே இடத்தில் இறக்கினேன். பவுடர் மழையாகக் கொட்டியது. கை மரத்துப்போயிற்று.

யாரும் வரவில்லை.

"செவுட்டுப் பசங்க," என்று மூச்சு வாங்க உட்கார்ந்தேன். "இந்நேரம் பம்மல் வரைக்கும் கேட்டிருக்கும்க்கா. ஒருத்தனும் இன்னான்னு எட்டிப் பாக்கல."

அக்கா குனிந்தார். டார்ச் வெளிச்சம் நான் தட்டிய இடத்தில் நின்றது. பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது.

"சுகுமார், இதெல்லாம் நீ போட்ட கோடா?"

பவுடர் உதிர்ந்த இடத்தில் எவர்சில்வர் பளபளத்தது. அதில் என் பக்கிள் கீறியது நாலைந்து இருக்கும். அதற்கு அடியிலும் சுற்றிலும், ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்குக் கீறல்கள். சில இடங்களில் தகடே சப்பையாகியிருந்தது.

"இல்லக்கா. நான் இவ்ளோ அடிக்கல."

"மெர்வின் வெளியில ரப்பர் சுத்தியால தட்டுவான். ரப்பர் கீறாது. அதுவும் உள்பக்கம் கீறவே கீறாது." அக்காவின் குரல் தாழ்ந்துபோயிருந்தது. "ஜெரோம் கையில பவுடர் சுரண்டற இரும்புக் கரண்டி இருந்தது. அவனும் உன்னை மாதிரிதான். கத்திப் பார்த்திருக்கான், கேட்கலை. சத்தம் வெளிய போற ஒரே இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கான். தட்டியிருக்கான். சங்கு ஊதற வரைக்கும். அவங்க கை கழுவற வரைக்கும்."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பெல்ட்டைக் கீழே வைத்தேன்.

"ஷெட்ல எல்லாரும் கேட்ட சத்தம்..."

"மெர்வின் இல்லை. ஜெரோம். தினமும் அதே இடத்துலேருந்து அதே சத்தம் வருது. அது வேலை நடக்கற சத்தம். யாரு திரும்பிப் பார்ப்பாங்க? இப்போ நீ தட்டினதுக்கு யாராவது வந்தாங்களா?" அக்கா கீறலின் மேல் கையை வைத்தார். "இங்க செய்யற பில்லை, லேசா தட்டினா பதில் சொல்லுது. ஒரு மனுஷன் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தட்டியிருக்கான், ஷெட்டுல ஒருத்தர்கூடத் தலையைத் தூக்கலை."

ரோஸி சொன்ன இரண்டும் நிஜம்தான். சத்தம் கேட்டது. தம்பியும் செய்யவில்லை. மெர்வினைக் காப்பாற்ற இந்தக் கீறல் போதும். ஒரே ஒரு சின்னச் சிக்கல், அதைக் கண்டுபிடித்த இரண்டு பேரும் அதே தொட்டிக்குள் இருந்தோம்.

அப்போது சங்கு ஊதியது.

காலில் உறைத்துக்கொண்டிருந்த பிரஸ் இடிகள் ஒவ்வொன்றாக நின்றன. தலைக்கு மேலே எங்கோ பெரிய பேன் ஒன்று முனகி, பிறகு இரைந்து சுற்ற ஆரம்பித்தது. காற்று இறங்கியது. முதலில் குளிர்ச்சியாக, அப்புறம் மே மாசத்து ஜிஎஸ்டி ரோடு மாதிரி.

"தட்டு சுகுமார்."

"தட்டினா வேலை சத்தம்னு போய்ட்டே இருப்பாங்கக்கா. நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ வேலை மாதிரி இல்லாம தட்டு."

சொந்தப் பெருமை பேசக் கூடாது. ஆனால் பம்மலில் எங்கள் தெருவில் யார் போனாலும் முன்னால் நின்று மேளம் அடிப்பது நான்தான். டிகிரி படித்தும் விடாத ஒரே நல்ல பழக்கம் அது. பக்கிளை வலது கையில் பிடித்தேன், இடது உள்ளங்கையை விரித்தேன். டண்டணக்கா, டணக்குணக்கா. சாவு மேளம். பாடை தெருமுனை திரும்பும்போது அடிக்கிற வேகத்தில் அடித்தேன். எவர்சில்வர் தொட்டி என் கைக்கு இவ்வளவு நன்றாகப் பேசும் என்று நான் நினைக்கவில்லை. காது சுட்டது. இமை சுட்டது. அக்கா தன் புடவை முந்தானையை என் தலைமேல் போட்டதுகூட அப்புறம்தான் தெரிந்தது. நம்முடைய சாவுக்கு நாமே அடித்துக்கொள்ளும் கொடுமை யாருக்கும் வரக் கூடாது.

வெளியே யாரோ ஓடும் சத்தம். "ஹேமா, ஆப் பண்ணு, ஆப் பண்ணு," என்று ஒரு குரல். கொக்கி தூக்கப்பட்டது. கதவு திறந்தது. வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ரோஸியின் முகம்.

என்னையும் அக்காவையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். இரண்டு பேரும் மாவில் புரட்டிய வாழைக்காய் பஜ்ஜி மாதிரி இருந்தோம். ஷெட்டு முழுக்கச் சுற்றி நின்றது. சுப்பராயலு சோற்றுக் கையோடு ஓடி வந்தார்.

"இன்னா சார், பொணம் விழலன்னு வருத்தமா கீதா?" என்று அவர் சட்டையைப் பிடித்தேன். "யாரு கதவ மூடினது, சொல்லு."

"நான் ஆபீஸ்லதானே இருந்தேன்," என்று அவர் உளறினார். "நீங்க எப்ப உள்ள போனீங்கன்னே எனக்குத் தெரியாதுப்பா."

"அவரை விடுங்க சார். நான்தான் மூடினேன்," என்றாள் ரோஸி. சாதாரணமாகத்தான் சொன்னாள். "சூளைக்கு ட்ரே எடுத்துக்கினு போறப்போ பாத்தேன், கதவு தொறந்து கெடந்துச்சு. ஈரக்காத்து பூந்துடும்னு இடுப்பால தள்ளிட்டுப் போனேன். கொக்கி அதுவா விழுந்துக்கும். நீங்க உள்ள இருப்பீங்கன்னு நான் கண்டேனா, எப்பவும் தொறந்து கெடந்தா மூ..."

அந்த வார்த்தையை அவள் முடிக்கவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. கண் மட்டும் மெல்ல அந்தச் சின்னக் கதவுக்குப் போனது.

நான் முதலாளியின் சட்டையை விட்டேன். பட்டனைச் சரிசெய்து கொடுத்தேன். கொலைகாரன் யாருமில்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

யாரோ கேட்டிலிருந்து போனை வாங்கி வந்து கொடுத்தார்கள். அக்கா இன்ஸ்பெக்டர் பக்தவச்சலத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, உட்பக்கக் கீறலையும் ஜெரோமின் கரண்டியையும் சுருக்கமாகச் சொன்னார். கரண்டியின் முனையைப் பார்த்தாலே தெரியும், தட்டியது உள்ளே இருந்தவன் என்றார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா, தட்டினது மெர்வின் இல்லை. ஒத்துக்கறேன். அப்போ கதவை மூடினது யாரு? அதுக்குப் பதில் இல்லாம நான் அவனை விட முடியாதே," என்றார்.

அக்கா ரோஸியைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ஆள் இல்லை கனகவல்லி அக்கா. தொழிலுக்காக என் கண் முன்னாலேயே நூறு பொய் சொல்லியிருக்கிறார். கதவு தானாக மூடிக்கொண்டது என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆனால் காத்து மூடாது என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னவரே அவர்தான். அதை பக்தவச்சலமும் தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அப்புறம் மெர்வின் உள்ளேதான்.

ரோஸி கையை நீட்டினாள். அக்கா போனைக் கொடுத்தார்.

"சார், மெர்வினோட அக்கா பேசறேன்." குரல் உடையவில்லை. "தம்பிய விட்டுடுங்க சார். கதவ மூடினது நான். அன்னிக்கு மூடினேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா அந்தக் கதவு தொறந்து கெடந்து நான் மூடாம போனதே இல்ல சார்."

"என்னம்மா சொல்றே? புரிஞ்சுதான் பேசறியா?"

"புரியுது சார்." அவள் ஒரு கையால் பிரஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்களில் ஹேமாவதி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "அந்தத் தட்டற சத்தம் எனக்கும் கேட்டுச்சு சார். கை கழுவறப்போ கேட்டுச்சு. பசிக்கப்போகுது, வந்து சாப்பிட்டுப் போடான்னு தம்பிய ஒரு கொரல் கூப்பிடலாமான்னு நெனச்சேன். சோறு ஆறிடும்னு போயிட்டேன்."